சிலம்பு

சிலம்புதல் என்னும் சொல்லுக்கு ஒலித்தல் என்பது பொருள். மகளிர் காலில் அணியும் அணி, நடக்குந்தோறும் ஒலித்தலின் சிலம்பு எனப் பெயர் பெற்றது. அருவியோசை எதிரொலிக்கும் மலைக்கும் அதுவே பெயர். குறிஞ்சி நிலத் தலைவனைச் சிலம்பன் என்பர். கிண்கிணி என்னும் அணியின் பெயரோ கேட்ட ஒலியை அவ்வாறே கூறுவது. அதற்கு அகராதியும் வேண்டா!

சிலம்பு உள்ளே வெறுமையான குழல் போன்றது. அதனுள் இடும் மணிகளுக்குப் பரல் என்று பெயர். பரல்கள் உருண்டு ஒலி எழுப்பும். ஆயினும் அவை முத்தோ, மாணிக்கமோ, வெளியே புலப்படா. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இச்சிறு செய்தியின்மேல்தான் நிற்கிறது. கோவலனிடம் இருந்தது அரசியின் சிலம்பே என்று பொற்கொல்லன் கூறிய பொய்யைப் பாண்டியன் நம்பினான். ஆராயாமல் கோவலனைக் கொல்வித்தான். நீதி கேட்டு வந்த கண்ணகி, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துப் பரல்கள் என்றான் மன்னன். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு அவள்முன் வைக்கப்பட்டது. அவள் அதனை உடைத்தாள். மாணிக்கப் பரல் ஒன்று மன்னன் வாயருகே தெறித்தது. பாண்டியன் அரியணையிலேயே மயங்கி வீழ்ந்து உயிர் நீத்தான்.