உடைக்காமல் திறக்க

ரிங்லட், கேமரன் மலை

மகளுக்கு,

இரத்தச் சிவப்பணுக்களை மருந்து சுமக்கப் பழக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்திருப்பதாகக் கோலாலம்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம், மூன்று நாள் ஓயாத மழைக்குப் பிறகு இன்று காலைதான் என் கைக்கு வந்தது. இரத்த வங்கிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்ந்தவன் என்பதைத் தவிர உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறு யோக்கியதை இல்லை. ஆயினும் நாம் இருவருமே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் ஆகையால், தோட்டத்துப் பாஷையிலேயே சில விஷயங்களைச் சொல்லத் துணிகிறேன்.

1929-ல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலமுதல் இம்மலையின் தேயிலை ஆலைகளில் நடந்துவருவது, யோசித்துப் பார்த்தால், உயிரணுக்களை உடைக்கும் காரியமே. வாட்டிய கொழுந்தை இயந்திரத்திலிட்டு உருட்டிக் கசக்கும்போது, இலையின் அணுவுக்குள் வெவ்வேறு அறைகளில் ஒன்றையொன்று அறியாமல் இருந்த துவர்ப்புப் பொருளும் நொதியும் கலந்து, காற்றுப் பட்டு, பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்த என் தகப்பனார், கசங்காத கொழுந்துக்கு மணமில்லை என்பார். நீ கைக்கொண்டிருக்கும் தொழிலோ இதற்கு நேர் விரோதமானது: அணுவைத் திறந்து, உள்ளே மருந்தை வைத்து, திறந்த சுவடு தெரியாமல் மூடவும் வேண்டும்.

1973-ல் அமெரிக்காவில் ஐலரும் அவருடைய சகாக்களும் சிவப்பணுவுக்குள் நொதிகளை ஏற்றிக் காட்டிய யுக்தியைப் படித்திருப்பாய். உப்புக் குறைந்த நீரில் இட்டதும், நடுவே குழிந்த தட்டைப்போன்ற அணு நீரை உறிஞ்சி உருண்டையாகி, அதன் சவ்வு இழுபட்டு நுண்துளைகள் விடுகிற அந்தச் சிறிய அவகாசத்தில், சுற்றியுள்ள மருந்து உள்ளே புகுந்துவிடுகிறது. உப்பைப் பழைய அளவுக்கு உயர்த்தி உடற்சூட்டில் வைத்தால் துளைகள் அடைபடுகின்றன. கேட்க எளிதுதான். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், 0.9 சதவீத உப்புநீர் என்று எண்ணி வெறும் வாலைநீரில் அணுக்களைக் கழுவிவிட்டேன். கலங்கலாக இருந்த குழாய் கண்ணெதிரே தெளிந்து, மறுபக்கத்து எழுத்தைப் படிக்கும்படியான செந்நீராய் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது; அணுதான் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றுமுதல் எனக்குக் கலங்கல் என்றால் சந்தோஷம். மிஞ்சியவையெல்லாம் நல்லவை என்றும் நம்பிவிடாதே. அரைகுறையாக மூடிய அணுவை, நிறுவைக்கு வந்த கூடையில் முற்றிய இலையைக் கண்டு தள்ளுகிற கங்காணியைப்போல, மண்ணீரல் கண்டுபிடித்துக் கழித்துவிடும். 120 நாள் வாழவேண்டியது ஒரே நாளில் போய்விடும்.

இனி, உன் கடிதத்தில் சிவப்பணுவைக் 'கூடை' என்று நீ எழுதியிருந்தது எனக்குச் சம்மதமில்லை. கூடைக்கு ஸ்வபாவம் கிடையாது. இத்தாலியர் டெக்சாமெத்தசோனை ஏற்றும் விதத்தைப் பார்: பாஸ்பேட் சேர்ந்த நிலையில் அணுவுக்குள் இட்ட அம்மருந்து சவ்வைக் கடந்து வெளியேற மாட்டாமல் அடைபட்டுக் கிடக்க, அணுவின் சொந்த நொதியே பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிட, விடுபட்ட அளவு மாத்திரம் நாட்கணக்கில் இரத்தத்தில் கசிகிறது. மருந்தை அளந்து கொடுப்பவர் வைத்தியர் அல்லர், அந்த அணுவே. ஆஸ்பராஜினேஸ் விஷயம் இன்னும் விசித்திரமானது. அந்த நொதி வெளியே வரவேண்டியதே இல்லை, புற்றணுக்கள் நாடும் ஆஸ்பராஜின் தானே உள்ளே சென்று அழிகிறது. இந்த வழியைக் கணையப் புற்றுக்குப் பிரயோகித்த லியோன் நகரத்து எரிடெக் நிறுவனத்தின் பெரும் பரிசோதனை, நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை என்று 2021-ல் தெரிந்தது. யுக்தியின் நேர்த்தியும் நோயின் சம்மதமும் வேறுவேறு சங்கதிகள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழுவினர் செய்ததைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவரின் சொந்தக் குருதி மூல அணுக்களை எடுத்து, எட்டாம் உறைகாரணியைச் செய்யும் மரபுக் கட்டளையைத் தீங்கு நீக்கிய வைரஸின் மூலம் அவற்றில் பதித்து, திரும்பவும் சரீரத்தில் செலுத்தினார்கள். அம்மூல அணுக்களின் வழித்தோன்றல்களான மோனோசைட்டுகளில் அக்கட்டளை விழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஐவரையும் கூட்டிப் பார்த்த 81 மாதக் கண்காணிப்பில் ஒரு தடவையும் இரத்தக்கசிவு நேரவில்லை. சிவப்பணு நாம் ஏற்றியதைச் சுமந்து சென்று தீர்த்துவிடுவது. இதுவோ, பாட்டன் நட்டதில் பேத்தி கொழுந்தெடுக்கும் தேயிலைச் செடி.

ஆனால் செடி நடுமுன் காட்டை அழித்தார்களே, அதையும் நினை. மூல அணுக்கள் வேரூன்ற இடம் வேண்டி, அந்த ஐவரின் எலும்பு மச்சையைக் கடும் மருந்துகளால் முதலில் வெறுமையாக்க வேண்டியிருந்தது. சிவப்பணுவில் நீ செய்யும் பிழை, அதற்கு உட்கரு இல்லாமையால், மிஞ்சிப்போனால் 120 நாளில் அதனோடேயே மடியும். மூல அணுவில் பதிந்த பிழை அந்த மனிதனோடு ஆயுள் முழுதும் குடியிருக்கக்கூடும். ஆகையால், உன் சிநேகிதர்கள் பெரிய விஷயங்களுக்குத் தாவுவதைக் கண்டு சஞ்சலப்படாமல், முதல் சில வருஷங்கள் மடிகிற அணுவிடமே கை பழகு என்பது என் அபிப்பிராயம்.

விடுமுறைக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. மருந்து எவ்வளவு ஏறிற்று என்ற கணக்கு எனக்கு அவசியமில்லை. ஏற்றிய அணுக்களில் மறுநாள் எத்தனை இருந்தன, பத்தாம் நாள் எத்தனை இருந்தன என்று கெட்டுப்போன குழாய்களையும் சேர்த்து எழுதியிருக்கிறாயா என்பதைத்தான் பார்ப்பேன். தானா ராத்தா சாலையில் மண் சரிந்திருப்பதாகச் சொல்கிறார்கள்; பகல் பேருந்திலேயே வா.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரத்த வங்கி ஊழியன்