பையரோடு மறையூர் வழியாக

கேள்வி: எங்கள் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வந்த வெளிநாட்டு பையர் மறுநாள் காலை கொச்சியில் விமானம் ஏறுகிறார். திருப்பூரிலிருந்து போகும் வழியிலேயே ஊர் சுற்றிக் காட்ட முடியுமா? (வாசகர், அவிநாசி)

பதில்: முடியும். பாலக்காட்டு வழியில் போனால் நாலைந்து மணி நேரம். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு என்று சுற்றிப் போங்கள். முழுப் பகல் பிடிக்கும். காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள்.

உடுமலைக் காற்றாலைகளைத் தாண்டியதும் காடு. சின்னாறு மழை மறைவுப் பிரதேசம். முள்மரமும் வறண்ட புதருமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அதே மலையில் தேயிலைப் பச்சை வந்துவிடும். இந்த மாற்றத்தைச் சொல்லிக் காட்ட ஆள் வேண்டும். ஓட்டுநரே போதும் என்று நினைக்காதீர்கள். சின்னாற்றில் வனத்துறை ஏற்பாட்டில் பழங்குடி வழிகாட்டிகளோடு நடக்கலாம். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மறையூரில் பெருங்கற்காலக் கல்திட்டைகள், சந்தனக்காடு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்தைக் காய்ச்சுவதையும் பார்க்கலாம். பனியன் கம்பெனி கேட்லாக்கைவிட அந்தச் சூட்டு வெல்லத்தைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார், பாருங்கள்!

இரவிகுளம் தேசியப் பூங்காவை நம்பித் திட்டம் போட வேண்டாம். வரையாடுகள் குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், மூடிவிடுவார்கள். மூணாறிலிருந்து இறங்கும்போது சீயப்பாறை அருவியும், பெரியாற்றின் மேல் 1935-இல் திறந்த நேரியமங்கலம் பாலமும் வரும். கடும் மழைக்காலத்தில் இந்தப் பாதையில் மண் சரியும், அப்போது பாலக்காடுதான்.

வாடகை வண்டி என்றால் கேரளா பெர்மிட் எடுங்கள். இரவு நெடும்பாசேரி விமான நிலையம் அருகே தங்கச் செய்யுங்கள்.