குர்பானி இறைச்சியில் யார் யாருக்குப் பங்கு?

ஹஜ்ஜுப் பெருநாளன்று இறைச்சி பங்கு பிரிக்கும் நேரத்தில்தான் ஒரு குடும்பத்தின் உறவுமுறை எல்லாம் வெளியே தெரிகிறது. தொடை சம்பந்தி வீட்டுக்கு, நல்ல கறி வசதியுள்ள உறவினருக்கு, எலும்பும் சவ்வும் வாசலில் நிற்கும் ஏழைக்கு என்று பிரிக்கும் வீடுகள் உண்டு. இது மார்க்கம் சொன்ன பங்கா, நாமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கமா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

வீட்டுத் தலைவர்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் தமக்காகவும் தம் வீட்டாருக்காகவும் ஓர் ஆட்டை அறுப்பார்; தாங்களும் உண்டு, பிறருக்கும் உண்ணக் கொடுப்பார்கள்; பிறகுதான் மக்கள் அதில் பெருமையடிக்கத் தொடங்கினார்கள் என அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத். வீட்டில் ஒருவர் நிறைவேற்றினால் வீட்டாருக்கும் அது போதுமாகும். ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவர் ஒவ்வொருவர் மீதும் அது வாஜிப். எந்த மத்ஹபிலும், பக்கத்து வீட்டை விடப் பெரிய ஆடு வாங்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது.

ஏழையும் உறவினரும்

ஓராண்டு பெருநாள் சமயத்தில் கிராமப்புறத்து ஏழைகள் மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர் மக்கள் அதுபற்றிக் கேட்டபோது, வந்தவர்களை முன்னிட்டே தடுத்ததாகவும், இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மமும் செய்யலாம் என்றும் அனுமதித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி முஸ்லிமில் உள்ளது. ஆகவே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது குற்றமன்று. ஆனால் வைப்பதற்கு முன், நம் தெருவில் இன்று அடுப்பு மூட்டாத வீடு எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று பங்காகப் பிரிப்பது விரும்பத்தக்கது, கட்டாயமன்று. எனினும் ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்தான குர்பானியிலும் ஒரு பகுதி பச்சை இறைச்சியாகவே ஏழையின் கைக்குச் சேர்வது அவசியம். திருக்குர்ஆன் 22:36 ஆவது வசனம் கேட்டு வருபவரோடு, கேட்காமல் இருப்பவருக்கும் உண்ணக் கொடுக்கச் சொல்கிறது. கேட்காத ஏழை பல வேளைகளில் நம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறார். கணவனை இழந்த சாச்சியும் கடனில் தவிக்கும் மச்சானும் நம் வாசலுக்கு வந்து நிற்கமாட்டார்கள். முதல் பொட்டலம் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். வறிய உறவினருக்குக் கொடுப்பது தர்மமாகவும், உறவைப் பேணுவதாகவும் ஆகிறது.

அறுப்பவர்

குர்பானி இறைச்சியையோ தோலையோ அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இவ்வாறே கட்டளையிட்டார்கள். கூலியைக் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, அவருக்கும் ஒரு பங்கை அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.

வீட்டுப் பெண்கள்

விடியுமுன் அடுப்படிக்குள் நுழைந்து, எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதுதான் பல உம்மாக்களின் பெருநாள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. பெருநாள் திடலுக்குப் பெண்களையும் வரச் சொன்னார்கள். மாதவிடாயில் இருப்பவர்கள் தொழுமிடத்தை விட்டு ஒதுங்கி, துஆவில் கலந்துகொள்ளப் பணித்தார்கள். ஆண்கள் இறைச்சியை நறுக்கிக் கொடுத்தாலோ, சட்டி கழுவினாலோ கௌரவம் குறைந்துவிடாது.

சம்பந்தி வீடு

சம்பந்தி வீட்டுக்கு இறைச்சி அனுப்புவது நல்ல அன்பளிப்பே. ஆனால் தலைப் பெருநாளுக்கு ஆடு வரவில்லை என்று மருமகளைக் குத்திப் பேசும்போது அது அன்பளிப்பாக இல்லை, வசூலாகிவிடுகிறது. அந்த ஆட்டுக்காகப் பெண்ணின் வாப்பா கடன் வாங்கினால், நாம் உண்பது அவருடைய கண்ணீரை அல்லவா? வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டாரே.

இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை, நம்முடைய தக்வாவே அவனை அடைகிறது என்பது 22:37 ஆவது வசனத்தின் கருத்து. வரும் பெருநாளில் தராசைக் கையில் எடுக்குமுன் இதை நினைவில் கொள்வோம். நமக்கு எந்தக் கறியை விரும்புகிறோமோ, அதிலிருந்தே ஏழையின் பங்கையும் எடுத்து வைப்போம். அல்லாஹ் நம் குர்பானியை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.