பத்தில் ஒன்பது

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் போன் வந்ததிலிருந்து ராத்திரியில் தூக்கமில்லை. திருமுல்லைவாசல் பக்கத்து நிலத்தை இறால் பண்ணைக்குக் குத்தகை விடப்போவதாகவும், வருகிற பணத்தில் தசமபாகம் எடுத்து அப்பா பெயரில் கோயிலுக்கு வளைவு கட்டித் தரப்போவதாகவும் சொன்னாய். நிலம் உன்னுடையது, முடிவும் உன்னுடையதுதான். நான் குறுக்கே நிற்கவில்லை. மனசில் இருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பத்தில் ஒன்று கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதும் நம் இஷ்டம் என்று நம் சபையில் பலருக்கு நினைப்பு. வேதத்தில் வரும் உக்கிராணக்காரனிடம் எஜமான் கேட்டது காணிக்கைக் கணக்கையா? ஒப்படைத்த அத்தனைக்கும் அல்லவா கணக்குக் கேட்டான்! ஒன்பதை எப்படிச் சம்பாதித்தாய், அதில் யார் வயிறு எரிந்தது என்பதும் அந்தக் கணக்கில் வரும்.

உப்புத்தண்ணீர் நம் வரப்போடு நிற்காது. அடுத்த வயலுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் ஊறும். நடவுக்கும் களையெடுப்புக்கும் நம்மை நம்பி வருகிற பெண்கள் எங்கே போவார்கள்? காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயாவும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் வயதான காலத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடியது இதற்காகத்தான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. 2005-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது, லைசென்ஸ் வாங்கலாம் என்கிறாய். அப்படியே கிடைத்தாலும், அந்த லைசென்ஸைக் கர்த்தரிடம் காட்ட முடியுமா?

வேதநாயகம் பிள்ளையை நினைத்துப் பார். நம் சீர்காழியில் முன்சீப்பாக இருந்தவர், கத்தோலிக்கர். அவர் இங்கே இருந்தபோதுதான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சீகாழிக் கோவை பாடினார். பிற்பாடு தாது வருஷப் பஞ்சத்தில் மாயவரத்துச் சனங்கள் பசியில் விழுந்தபோது, இந்த மனுஷர் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். யார் என்ன சாதி, என்ன சமயம் என்று பார்க்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடியது அதனால்தான். பளிங்குக் கல்லில் பெயர் வெட்டிக் கொடுத்ததற்காக அல்ல.

பளிங்குக் கல் என்றதும் உனக்குப் புரிந்திருக்கும். வாய்க்கால் மேட்டு நிலத்தை விற்று உன் தாத்தா கோயிலுக்குப் பெரிய கடிகாரம் வாங்கி வைத்து, பளிங்குக் கல்லில் தன் பெயரையும் வெட்டிப் பதித்தாரே, அதே வருஷம்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பணம் இல்லை என்றார்கள். உன் அப்பா அப்போது வாயைத் திறக்கவில்லை. தாலந்தை மண்ணில் புதைத்தவனைப் பற்றிப் பிரசங்கம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் தாலந்தை நானா புதைத்தேன்? வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்கென்று தனியாகப் புத்தகமே எழுதினார். அவர் உலாவிய ஊரில் எனக்கு இது நடந்தது. கொடுத்தது தப்பில்லை தம்பி. எதைத் தவிர்த்துக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டாமா?

நஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. 2022 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டி, சம்பா முழுக்க முழுகியதைக் கண்ணால் பார்த்தவள் நான். கடைமடையில் விவசாயம் லாபமில்லை என்றால், நம் குடியானவரிடமே குத்தகைக்கு விடு. குறைவாக வரட்டும். அதில் ஒரு பங்கை அந்த நடவுப் பெண்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமாகக் கட்டு. வளைவு இல்லாமல் நம் கோயில் இத்தனை காலம் நிற்கவில்லையா? இல்லை, இறாலுக்குத்தான் விடுவேன் என்றால் அதுவும் உன் விருப்பம்.

அத்தை அதட்டிவிட்டாள் என்று வருத்தப்படாதே, கண்ணு. இந்தக் குடும்பத்தில் உன்னைப் போல இளகின மனசு யாருக்கும் இல்லை. இவ்வளவு தூரம் யோசித்து என்னிடம் கேட்டதே எனக்குப் பெருமை. மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் முத்தம். அறுப்பின் பண்டிகைக்குக் கட்டாயம் வாருங்கள். புது அரிசியில் பொங்கலும், உனக்குப் பிடித்த கெண்டைக் குழம்பும் செய்து வைக்கிறேன். பெரியவளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தாயிற்று, அளவு மட்டும் சொல்.

உன் அன்பு அத்தை,
சீர்காழி