வீட்டுக் கணினியின் திரை வெறுமையானால்

நெசவாளரும் பயிரிடுவோருமாகிய நம் அங்கத்தினர் வீடுகளில் கணினி இன்று புதிய பொருளன்று. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்களுக்கும் அதனைக் கொண்டு சேர்த்தது. உடையார்பாளையத்து நெசவாளர் சேலைக்கரை மாதிரிகளை அதில் வைக்கிறார். பெரம்பலூர்ச் சின்ன வெங்காய விவசாயி விற்பனைக் கணக்கை வைக்கிறார். மறைந்த பெற்றோரின் படமும் அதிலேயே இருக்கிறது. ஒரு நாள் காலையில் திரை வெறுமையாய் நிற்க, யாவும் போயின என்று வீடே கலங்குகிறது. அவ்வேளையில் செய்யத் தக்கவற்றையும் தகாதவற்றையும் இம்மாதப் பாடமாகக் காண்போம். விண்டோஸ் முறையில் இயங்கும் கணினியையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

கணக்கு வேறு, உடைமை வேறு

நம் சங்கத்தில் அங்கத்தினர் பதிவேடு ஒன்று, சரக்கறை மற்றொன்று. கணினியிலும் அவ்வாறே. நம் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டது பயனர் கணக்கு. நாம் சேர்த்த கோப்புகளும் திரையின் அமைப்பும் அடங்கிய கோப்புறை பயனர் சுயவிவரம். பதிவேட்டில் ஒரு வரி அழிந்தால் சரக்கு அழிந்துவிடாது. இன்னார் சரக்கு இன்ன இடத்தில் என்று காட்டும் வழிதான் அறுந்துபோகும்.

அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாயிற்று. 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஏடுகளில் மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வந்தது; எவருடைய நிலமும் ஓரடி நகரவில்லை. வெறுந்திரையைக் கண்டவுடன் இதனை நினைவிற் கொள்வோமாக.

திரை வெறுமையாவது ஏன்?

மின்சாரம் திடீரென நின்றுபோதல், புதுப்பிப்பு வேலை நடுவில் தடைப்படுதல், வட்டு பழுதாதல் ஆகியவை முதன்மையான காரணங்கள். சுயவிவரத்தைத் திறக்க இயலாதபோது கணினி ஒரு தற்காலிகச் சுயவிவரத்தை விரித்து நம்மை உள்ளே விடுகிறது. அது விருந்தினர் திண்ணை போன்றது. அங்கு நாம் வைப்பவை, வெளியேறியதும் நீங்கிவிடும். ஆகவே அந்நிலையில் புதிய வேலை எதனையும் தொடங்கலாகாது.

முறையாகச் செய்ய வேண்டியவை

முதலாவது, ‘ரீஸ்டார்ட்’ கட்டளையால் கணினியை மறுபடி தொடக்குக. வெறுமனே அணைத்து ஏற்றுவதைவிட இது மேலானது. பல கணினிகளில் அணைக்கும்போது உள்நிலையின் ஒரு பகுதி சேமித்து வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்புகிறது. சில வேளை இவ்வளவிலேயே குறை தீரும்.

இரண்டாவது, தீராவிடில் சி வட்டில் ‘யூசர்ஸ்’ என்னும் கோப்புறையைத் திறந்து பார்க்க. வீட்டார் ஒவ்வொருவர் பெயரிலும் அங்கு ஒரு கோப்புறை இருக்கும். அதனுள் ‘டெஸ்க்டாப்’, ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்பனவற்றில் நம் உடைமையைத் தேடுக. அங்கில்லையேல் ‘ஒன்டிரைவ்’ கோப்புறையிலும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கண்டவற்றை உடனே பென் டிரைவில் படியெடுக்க. பழுது பார்ப்பது அதன் பின்னரே.

நான்காவது, நிர்வாகி உரிமையுள்ள கணக்கின் வழியே ‘செட்டிங்ஸ்’ பகுதியில் புதிய பயனர் கணக்கொன்று தொடங்கி, படியெடுத்தவற்றை அதனுள் சேர்க்க. கோப்புகள் யாவும் வந்து சேர்ந்தன என்று திறந்து பார்த்த பின்பே பழைய கணக்கை நீக்கலாம். நீக்கும்போது அதன் கோப்புகளும் உடன் அழியும் என்பதை மறத்தலாகாது.

கடவுச்சொல் ஏற்கப்படாவிடில்

மறந்துவிட்டோம் என்று முடிவு செய்யுமுன் ‘கேப்ஸ் லாக்’ விசையையும், விசைப்பலகை ஆங்கிலத்தில் உள்ளதா என்பதையும் நோக்குக. உண்மையிலேயே மறந்திருப்பின், மைக்ரோசாப்ட் கணக்கானால் கைப்பேசி வழியே புதுக் கடவுச்சொல் பெறலாம். பதிந்த எண் நம் கையில் இருக்க வேண்டும். அக்கணினிக்கு மட்டுமான கணக்கானால், முன்பே பதிந்த இரகசியக் கேள்விகள் உதவும். வட்டு பூட்டுக்குறியாக்கம் செய்யப்பட்டிருப்பின், பழுதுநீக்கும்போது 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படலாம். அது இல்லையேல் உள்ளிருப்பதை எவராலும் எடுத்துத் தர இயலாது.

செய்யத் தகாதது

பழுது பார்க்குமிடத்தில் ‘பார்மட் செய்துவிடலாமா?’ என்று கேட்டால், உடனே தலையசைத்தல் கூடாது. ‘முதலில் எங்கள் கோப்புகளைப் படியெடுத்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது நம் உரிமை. பாவு அறுந்ததற்காக நெய்த துணியை எரிப்பார் உண்டோ?

வீட்டுப்பாடம்

அடுத்த கூட்டத்திற்கு முன் அங்கத்தினர் மூன்று காரியங்களை முடிப்பாராக. வீட்டில் அன்றாட வேலைக்கு ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கணக்கும், பழுது நேரத்திற்கு ஒரு தனி நிர்வாகிக் கணக்கும் அமைக்க. கடவுச்சொல்லையும் மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வைக்க. மாதம் ஒரு முறை கோப்புகளைப் படியெடுக்க. விதை நெல்லைத் தனியே கட்டி வைக்கும் குடும்பத்திற்கு இது புதுப் பழக்கமன்று, பழைய பழக்கமே.