உல்லன் என்று கேட்டால் எதைக் கொடுப்பது?

மளிகைக் கடையில் நூல் வியாபாரமா என்று சிலர் கேட்கக்கூடும். ஊசி, பொத்தான், ரிப்பன் வைத்திருக்கும் கடையில் ஒரு பெட்டி உல்லன் நூலும் இருப்பது சிற்றூர்களில் புதிதல்ல. முன்பெல்லாம் பள்ளிக்கூடக் கைவேலை வகுப்புக்காகப் பிள்ளைகள் இரண்டு உருண்டை வாங்கிப் போவார்கள். அத்தோடு சரி. இப்போது குரோஷா ஊசி பிடிக்கும் பெண்கள் வருடம் முழுவதும் வருகிறார்கள். கைபேசியில் வெளிநாட்டுப் பின்னல்களைப் பார்த்துவிட்டு, மெரினோ இருக்கிறதா, அல்பகா கிடைக்குமா, மூங்கில் நூல் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். பெயர் தெரியாத கடைக்காரர் கையில் இருப்பதை எடுத்து, இதுதான் அது என்று கொடுத்துவிடுகிறார். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் கடைகளில் உல்லன் என்று விற்கும் நூலில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் கிடையாது என்பதுதான். அது அக்ரிலிக். பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்யும் செயற்கை இழை. லூதியானாவிலிருந்து வருகிற சரக்கில் அசல் கம்பளி, கலப்பு, முழு அக்ரிலிக் எல்லாமே உண்டு. அக்ரிலிக் மட்டமான சரக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. விலை குறைவு, சாயம் பளிச்சென்று பிடிக்கும், பூச்சி தின்னாது, துவைக்கச் சுலபம். பொம்மை பின்னுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அதைக் கம்பளி என்று சொல்லி, கம்பளி விலைக்கு விற்பது வேறு சங்கதி.

2017-ல் எங்களுக்கே இது நேர்ந்தது. வடக்கிலிருந்து ஒரு வியாபாரி நூறு சதம் கம்பளி என்று பில் போட்டு அனுப்பிய சரக்கை, தொட்டுப் பார்த்ததோடு நம்பி வாங்கினோம். அதில் இருபது கிலோவை ஒரு சிற்றூர் பேன்சி கடைக்காரர் எடுத்துப் போனார். அவரிடம் நூல் வாங்கியவர் ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை. குளிர் நாட்டில் பிறந்த பேரக் குழந்தைக்குப் போர்வை பின்ன ஆரம்பித்து, சந்தேகம் வந்து ஒரு இழையைத் தீக்குச்சியில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் மூட்டையோடு வந்து நின்றார். "அண்ணாச்சி, உங்க பேரைச் சொல்லித்தான் வித்தேன். டீச்சர் நாலு பேர் முன்னால கேட்டுட்டாங்க" என்றார். மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டோம். அனுப்பியவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நஷ்டம் எங்களோடு போயிற்று. எங்களைச் சுட்டது பணம் அல்ல. இத்தனை வருடம் கடை நடத்திய எங்களுக்குத் தெரியாத சோதனை அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சோதனையை எல்லாரும் கற்றுக்கொள்ளலாம். நூலில் ஒரு விரல் நீளம் நறுக்கி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்துப் பற்ற வைக்க வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது. உருகுகிற இழை தோலில் ஒட்டினால் புண்ணாகிவிடும். அசல் கம்பளி என்றால் மெதுவாகத்தான் எரியும், தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். தலைமயிர் கருகும் நாற்றம் வரும். மிஞ்சுவதை விரலால் நசுக்கினால் பொடியாகும். பட்டும் ஏறக்குறைய இப்படியே. பருத்தி காகிதம் போலச் சடசடவென்று எரிந்து, மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும், புகை கறுப்பாக வரும், ஆறினபின் நசுங்காத கறுப்பு உருண்டை மிஞ்சும். மயிர் நாற்றமும் கறுப்பு உருண்டையும் சேர்ந்து வந்தால் கலப்பு என்று கொள்ளலாம். எத்தனை சதம் கலப்பு என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. குரோஷாவில் அடுப்படிக் கரித்துணி பின்னுகிறவர்கள் அதிகம். அதற்கு அக்ரிலிக் கொடுக்கவே கூடாது. காய்ந்த பாத்திரத்தைப் பிடிக்கும்போது உருகிக் கையில் ஒட்டும். எதற்காக வாங்குகிறீர்கள் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டு, கரித்துணிக்கென்றால் பருத்தி நூலை எடுத்துப் போட வேண்டும்.

பருத்தியில் குரோஷாவுக்கென்றே வருவது மெர்சரைஸ் செய்த நூல். 1844-ல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் பலம் கூடி, சாயம் நன்றாகப் பிடிப்பதைக் கண்டார். நூலை இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பட்டுப் போல மினுமினுப்பு வரும் என்பதை 1890 வாக்கில் ஹோரஸ் லோ என்பவர் கண்டுபிடித்தார். அந்த மினுமினுப்புக்குத்தான் இன்றும் கூடுதல் விலை. உருண்டையின் மேல் 10, 20, 40 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட நூல் சன்னம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. இருபதாம் எண்ணுக்கு ஊசி சுமார் 1 மி.மீ., நடுத்தர உல்லனுக்கு 4 மி.மீ. வேண்டும். நூலை விற்கும் கடை ஊசியையும் வைக்காவிட்டால் வாடிக்கை பாதியோடு நின்றுவிடும். ஆந்திராவில் நரசாபூர் வட்டாரத்துப் பெண்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இந்தப் பருத்தி நூலில்தான் குரோஷா லேஸ் பின்னி வருகிறார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி ஆசைப்பட்டுக் கேட்கும் நூல்களைப் பார்ப்போம். மெரினோ என்பது ஒரு செம்மறி இனம். ஆஸ்திரேலியாவில் ஏராளம். இழையின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். மனிதத் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான். மெரினோ 24-க்குக் கீழே, அதனால்தான் உடம்பில் குத்தாது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆட்டின் உள்ரோமமான பஷ்மினா 12 முதல் 15 வரை. ஓர் ஆடு வருடத்துக்குச் சில நூறு கிராம்தான் தரும். பிளாட்பாரத்தில் இருநூறு ரூபாய்க்குப் பஷ்மினா சால்வை என்று விற்றால் அது என்ன என்று நாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மொஹேர், அங்கோரா இரண்டிலும் எல்லாரும் குழம்புவார்கள். அங்கோரா ஆட்டின் ரோமத்துக்குப் பெயர் மொஹேர். அங்கோரா என்று விற்கும் நூல் அங்கோரா முயலின் ரோமம். இரண்டுக்கும் பெயர் வந்தது துருக்கியின் அங்காரா நகரத்தால். பில்லில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். அல்பகா, பெரு நாட்டு மலைப்பிராணி. அதன் ரோமம் கம்பளியைவிட வெப்பம் காக்கும், ஆனால் பின்னியபின் தொய்ந்து நீளும். அதன் காட்டு உறவான விகுனா கால் கிலோ அளவில்தான் ரோமம் தரும், அதுவும் வருடந்தோறும் கத்தரிக்க முடியாது. வடதுருவத்துக் கஸ்தூரி மாட்டின் உள்ரோமத்துக்குக் கிவியட் என்று பெயர். அலாஸ்காப் பெண்கள் 1969 முதல் கூட்டுறவு வைத்து அதில் பின்னி விற்கிறார்கள். இவை நம் அலமாரிக்கு வரப்போவதில்லை. கேட்டவரிடம் விவரம் சொன்னாலே மரியாதைதான். ஷாதூஷ் என்று யாராவது கொண்டுவந்தால் மட்டும் தொடவே வேண்டாம். திபெத்திய மானைக் கொன்று எடுப்பது, சட்டப்படி குற்றம்.

நாம் உண்மையில் வரவழைத்து விற்கக்கூடியது எரிப்பட்டு. அசாம், மேகாலயாப் பக்கத்துச் சரக்கு. புழு ஆமணக்கு இலையைத் தின்னும், மரவள்ளி இலையும் தின்னும். கூடு ஒரு பக்கம் திறந்திருப்பதால் அந்துப்பூச்சி வெளியேறிய பின்னும் எடுக்கலாம், பஞ்சு போல நூற்க வேண்டும். அதனால் பட்டின் பளபளப்பு குறைவு, கம்பளியின் இதம் அதிகம். உயிரைக் கொல்லாத பட்டு என்று தேடி வருகிறவர்களுக்கு இது பிடிக்கும்.

மூங்கில் நூல் பற்றி எச்சரிக்கை தேவை. சந்தையில் வருவது பெரும்பாலும் மூங்கில் கூழைக் கரைத்து இழுத்த ரேயான்தான். அதை மூங்கில் நார் என்று எழுதி விற்ற கம்பெனிகள் மீது 2009-ல் அமெரிக்காவில் அரசு நடவடிக்கை எடுத்தது. தீச்சோதனையில் இது பருத்தி போலவே எரிவதால் நம்மால் பிரித்தறிய முடியாது. மூங்கில் ரேயான் என்று உள்ளதைச் சொல்லி விற்றால் வம்பில்லை. பனியன் துணியைக் கீற்றாக வெட்டிய தடித்த நூலுக்கும் இப்போது கிராக்கி. பை, கூடை பின்ன வாங்குகிறார்கள். திருப்பூர்க் கழிவுத்துணி இருக்க இதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை.

கொள்முதலில் ஒரு கணக்கு. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நூறு கிலோ முழுக்க உலர்ந்த கம்பளியில் சுமார் 16 கிலோ ஈரம் இருப்பதை வியாபாரம் ஒப்புக்கொள்கிறது. மழைக்காலத்தில் இது 30 வரை போனாலும் கைக்கு ஈரம் தெரியாது. எடைக்கு வாங்கும் சில்லறை வியாபாரிகள் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு, பங்குனியில் எடை குறைகிறதே என்று பையன்களைச் சந்தேகப்படுகிறார்கள். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கம்பளியும் பட்டும் அந்துப்பூச்சிக்கு இரை. அந்துருண்டை போடலாம், ஆனால் அரிசி, பருப்பு, தேயிலை இருக்கும் பக்கம் கூடாது, வாசனை ஏறி அந்தச் சரக்கு கெட்டுப்போகும். பெருங்காயம், மசாலா வாசனையைக் கம்பளியும் அதே போலப் பிடித்துக்கொள்ளும். மூடியுள்ள தகர டின்னில், மளிகைக்கு எதிர்ச்சுவரில் வைப்பது எங்கள் வழக்கம்.

கடைசியாக, சாய லாட் எண். ஒரே சிவப்பு என்று நமக்குத் தோன்றும் இரண்டு உருண்டைகள், லாட் வேறு என்றால் பின்னியபின் கோடு போட்டது போலத் தெரியும். போர்வைக்கு எட்டு உருண்டை வேண்டும் என்றால் எட்டையும் ஒரே லாட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் இப்போது காசில்லை என்கிறவர்களுக்கு மீதியைப் பெயர் எழுதித் தனியே எடுத்து வைத்து, ஒரு மாதம் தவணை கொடுக்கிறோம். அப்படி எடுத்து வைத்ததை வாங்காமல் போனவர்கள் எங்கள் கடையில் இதுவரை இரண்டு பேர்தான்.