ஜியு-ஜிட்சு பழகுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. எதிராளியைத் தரையில் சாய்த்து, மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ அவரைத் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்ட வைப்பதுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்த ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதாவிடமிருந்து கிரேசி குடும்பத்துக்குப் போய், ரியோ டி ஜெனீரோவில் வளர்ந்த கலை. 1993-இல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. கலப்புச் சண்டைப் போட்டியில் ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனத்த மூவரை ஒரே இரவில் தட்ட வைத்தார். அதன் பிறகு உலகமெங்கும் பள்ளிகள் முளைத்தன. சேர்ந்தவர்களில் பலர் பிடி தெரியாமல் நின்றுவிடுவதில்லை. விரல் பிசகி, தோலில் படை வந்து, விலா வலித்துத்தான் நிற்கிறார்கள். அதனால் இந்தக் குறிப்புகளில் பாதி, உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதைப் பற்றியவை.

1. கை, கால் நகங்களை முந்தைய இரவே வெட்டிவிடுங்கள். மோதிரம், மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றைக் கழற்ற மனமில்லாவிட்டால் அதன்மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம். மோதிரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

2. ‘கி’ எனப்படும் கனத்த பருத்தி உடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் துவையுங்கள். ஈரத்தோடு ஓர் இரவு பையில் கிடந்தால் ஏறும் நாற்றம் எளிதில் போகாது. வெந்நீரில் போட்டால் சுருங்கும். பச்சைத் தண்ணீரே போதும். நாற்றம் பிடித்துவிட்டால் வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு அலசுங்கள். அதில் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பெல்ட்டைத் துவைத்தால் கற்ற வித்தை போய்விடும் என்று சில பள்ளிகளில் ஒரு நம்பிக்கை உண்டு. போவது அழுக்கு மட்டும்தான்.

3. பயிற்சி விரிப்பை (மேட்) விட்டு இறங்கினால் செருப்பு, ஏறினால் வெறுங்கால். வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும்.

4. வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஒரு வகுப்பு வீணாகிறதே என்று மறைத்துக்கொண்டு போனால் பள்ளி முழுவதும் பரவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பைத்தான் அடக்கும். பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

5. சீக்கிரம் தட்டுங்கள். பயிற்சியில் தட்டியதை யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. தரையில் தட்டினால் கேட்காமல் போகலாம், எதிராளியின் உடம்பிலேயே தட்டுவது நல்லது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னாலிருந்து போடும் ரியர் நேக்கட் சோக் சரியாக விழுந்தால் கழுத்தின் இருபுற ரத்தக்குழாய்களும் அமுங்கி, பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். எல்லாவற்றிலும் பொல்லாதது ஹீல் ஹூக். குதிகாலைப் பிடித்துத் திருகுவார்கள், அடி முழங்கால் தசைநாருக்கு விழும். வலி தெரிவதற்குள் நாரே அறுந்திருக்கலாம். பாதம் சிக்கியது என்று தெரிந்த உடனே தட்டிவிடுங்கள்.
1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா கையை முறுக்கியபோது ஹீலியோ கிரேசி தட்டவில்லை. அவர் தரப்பினர்தான் துண்டை எறிந்து நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கே இன்று கிமுரா என்று பெயர். கேட்க நல்ல கதைதான். ஆனால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு அது முன்மாதிரி அல்ல.

6. ‘எந்தப் பிடியை முதலில் கற்பது?’ என்று கேட்காத ஆளில்லை. என் பதில்: பிடியே வேண்டாம், முதலில் தப்பிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தவரை (மவுண்ட்) நேரே மேலே தள்ளக் கூடாது. நீட்டிய கையை அவர் ஆர்ம்பார் என்னும் முழங்கைப் பூட்டில் பூட்டிவிடுவார். அவருடைய ஒரு கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதே பக்கத்துக் காலை உங்கள் பாதத்தால் மறியுங்கள். பிறகு இடுப்பை உயர்த்தி அந்தப் பக்கத் தோளின் மேலாக உருளுங்கள். ஊன்றிக்கொள்ளக் கையும் காலும் இல்லாதவர் கவிழ்ந்தே தீருவார். பிரேசிலில் இதை ‘உபா’ என்பார்கள். பக்கவாட்டில் அமுக்கும் சைட் கண்ட்ரோலில் வேறு வழி: ஒரு முன்கையை அவர் கழுத்துக்கும் மற்றதை இடுப்புக்கும் குறுக்கே கொடுத்து, உங்கள் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, விழுகிற இடைவெளியில் முழங்காலை நுழைத்துவிடுங்கள். இந்த இரண்டும் கைவந்தால் யாரோடும் பயமில்லாமல் உருளலாம் (பயிற்சி ஆட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்).

7. மல்லாந்து அசையாமல் கிடப்பதுதான் கீழே இருப்பவருக்கு எதிரி. எப்போதும் ஒருக்களித்துப் படுங்கள்.

8. கால்களால் கழுத்தை நெரிக்கும் டிரையாங்கிள் சோக் குட்டைக் கால்காரர்களுக்கு வராது என்பார்கள். கோணம் தவறினால் நெட்டைக் காலுக்கும் வராது. நேருக்கு நேர் கிடந்தபடி இறுக்காமல், உங்கள் பார்வை எதிராளியின் காதில் விழும் வரை உடலைத் திருப்பிய பின் பூட்டுங்கள். இழுப்பதற்குப் பாதத்தைப் பிடிக்காதீர்கள், கணுக்கால் பிசகும், கணைக்காலைப் பிடியுங்கள்.

9. உங்களைவிட முப்பது கிலோ கூடுதலானவர், புதியவர், அவசரக்காரர் உருளக் கூப்பிட்டால் என்ன செய்வது? ‘இன்னொரு நாள்’ என்று சொல்லிவிடலாம். மரியாதைக் குறைவில்லை. அந்தக் கனத்தவர் நீங்களே என்றால், எடையைச் சாயுங்கள், விழாதீர்கள்.

10. ‘கி’ உடையோடு பழகுவதா, இல்லாமலா? இரண்டுக்கும் வசதி இருந்தால் முதலில் உடையோடு. துணி பிடிகொடுப்பதால் ஆட்டம் நிதானமாகும், நடப்பது புரியும். ஆனால் காலரையே நம்பி விரல் மூட்டுகளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

11. காது மெத்தென்று வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஓரிரு நாளில் மருத்துவரிடம் போனால் உறிஞ்சி எடுத்து அழுத்திக் கட்டுவார். நீங்களே ஊசியால் குத்தாதீர்கள்.

12. பெல்ட் வரிசை: வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. ஐ.பி.ஜே.ஜே.எஃப். என்னும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, பெரியவர்கள் பொதுவாக நீலத்திலேயே குறைந்தது 2 ஆண்டுகள் இருக்க வேண்டும். கறுப்புக்குக் குறைந்தபட்ச வயது 19. ஓராண்டில் கறுப்பு தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

13. போட்டிக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம்தான். எதிராளியைக் கவிழ்த்தால் 2 புள்ளி, கீழே இருப்பவரின் கால் தடுப்பை (கார்டு) தாண்டினால் 3, மவுண்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் 4. எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். அந்தக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான், உடையோடு எடை பார்ப்பார்கள். இடையில் சாப்பிட்டுத் தெம்பேற்ற நேரம் இருக்காது.